வசவும் வரமும்: ஹெலிக்கான் மலையடியில் மியூஸ்களைத் தேடி

"குளிர்காலத்தில் கொடுமை, கோடையில் வேதனை, எந்தக் காலத்திலும் நன்மை இல்லை." தான் வாழ்ந்த ஊருக்குக் கவிஞர் ஹெஸியட் எழுதிக் கொடுத்த சான்றிதழ் இவ்வளவுதான். ஊரின் பெயர் அஸ்க்ரா. ஏதென்ஸுக்கு வடமேற்கே, பியோஷியா பகுதியில், ஹெலிக்கான் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருந்த குடியானவர் கிராமம். கி.மு. 700-ஐ ஒட்டி அங்கே நிலம் உழுது, ஆடு மேய்த்து வாழ்ந்தவர் அவர். அவருடைய தந்தை ஆசியா மைனர் கரையிலிருந்த கைமீ என்னும் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர். செல்வத்துக்கு அஞ்சி ஓடிவரவில்லை, வறுமைக்கு அஞ்சித்தான் ஓடிவந்தார் என்று மகன் குத்தலாக எழுதுகிறார். வந்ததுதான் வந்தார், நல்ல இடமாகப் பார்த்து வந்திருக்கக் கூடாதா என்ற எரிச்சல் அந்த வரிகளில் இன்னும் ஆறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கிரேக்கர்களின் கலைத் தெய்வங்களான மியூஸ்கள் இந்த உருப்படாத ஊரின் மேய்ச்சல் காட்டில்தான் இறங்கிவந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் இதே ஹெஸியடுக்கு.

எங்கே பயணம் என்று கேட்ட உறவினர்களிடம் "கிரேக்கத்துச் சரஸ்வதிகளைப் பார்க்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பாதிப் பொய். நம் சரஸ்வதி, தன்னோடு போட்டிக்கு வந்த பாடகனின் கண்ணைப் பறித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜெர்மனியில் படிக்கும் மகள் கோடை விடுமுறைக்கு ஏதென்ஸ் வந்து சேர்ந்துகொண்டாள். கார் ஓட்ட அவள், கதை சொல்ல நான் என்பது ஒப்பந்தம். ஆகஸ்ட் கடைசி. வெயில் நம் ஊர் வெயில்தான், வேர்வை மட்டும் இல்லை.

மலைக்குப் போகும் முன் ஏதென்ஸில் ஒரு கல்லைப் பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள மான்டினியாப் புடைப்புச் சிற்பங்கள். கி.மு. 330-320 வாக்கில் செதுக்கப்பட்டவை. பழைய ஏதென்ஸின் பெரும் சிற்பி பிராக்ஸிடெலிஸின் பட்டறைக் கைவண்ணம் என்பார்கள். பெலொப்பனீஸில் உள்ள மான்டினியாவில் 1887-ல் கிடைத்தன. லெட்டோ, அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் என்னும் தெய்வங்களின் சிலைகள் நின்ற பீடத்தை மூடியிருந்த பலகைகள் என்று கருதப்படுகின்றன. இப்போது மூன்று பலகைகள் இருக்கின்றன. இரண்டில் மும்மூன்று மியூஸ்கள். நான்காவது பலகையோடு மீதி மூவரும் போய்விட்டார்கள்.

முதல் பலகையில் போட்டி நடக்கிறது. ஒரு பக்கம் அப்பல்லோ, மடியில் யாழோடு, வெற்றி தன்னுடையதுதான் என்ற அலட்சியத்தில் உட்கார்ந்திருக்கிறார். மறுபக்கம் மார்சியாஸ் என்னும் சாட்டிர் (பாதி மனிதன், பாதி விலங்கான காட்டுவாசி), உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு இரட்டைக் குழலை ஊதுகிறான். நடுவே தொப்பியும் காற்சட்டையும் அணிந்த ஸ்கித்திய அடிமை ஒருவன் நிற்கிறான். அவன் கையில் கத்தி. தோற்றவனை வென்றவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது போட்டியின் நிபந்தனை; அப்பல்லோ செய்தது தோலை உயிரோடு உரிப்பது. மார்சியாஸ் இன்னும் தோற்கவில்லை, ஊதிக்கொண்டுதான் இருக்கிறான். கத்தி மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது. இந்தப் போட்டிக்கு நடுவர்கள் மியூஸ்கள். அடுத்த பலகைகளில் அவர்களைப் பாருங்கள்: ஒருத்தி கையில் குழல்கள், ஒருத்தி கையில் ஏட்டுச்சுருள், ஒருத்தி பாறைமேல் அமர்ந்து நீண்ட கழுத்துள்ள தந்திக் கருவியை மீட்டுகிறாள். மேலாடை மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. பக்கத்துப் பலகையில் ஒருவனுடைய தோல் உரியப் போகிறது என்ற கவலை எந்த முகத்திலும் இல்லை.

"நடனப் போட்டிக்கு வரும் நடுவர்களும் இப்படித்தான் இருப்பார்கள்" என்றாள் மகள். பத்து வருடம் பரதநாட்டியம் ஆடியவள்; அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை தீப்ஸ் நோக்கி நெடுஞ்சாலையில் கிளம்பினோம். கிரேக்கர்கள் இன்று தீவா என்கிறார்கள். அதைத் தாண்டியதும் சமவெளி, பருத்தி வயல்கள், தூரத்தில் நீலச் சாம்பலாக மலைகள். சாலை ஓரத்துப் பெயர்ப் பலகைகளைப் படிக்கப் படிக்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிளாட்டியஸ், தெஸ்பியஸ், அலியார்டோஸ், திஸ்வி. டிராய் நகரத்துக்குக் கப்பல் அனுப்பிய ஊர்களின் பட்டியல் ஹோமரின் இலியட் இரண்டாம் பாகத்தில் வருகிறது. அதில் முதலில் வருவது பியோஷியா. ஐம்பது கப்பல், கப்பலுக்கு நூற்றிருபது ஆள். அந்த ஊர்களில் சில இன்னும் அதே பெயரோடு, பெட்ரோல் பங்குக்கும் டிராக்டர் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் நிற்கின்றன.

அந்தப் பட்டியலைத் தொடங்குமுன் ஹோமர் மியூஸ்களைக் கூப்பிடுகிறார். எதற்காகக் கூப்பிடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அழகான உவமை கேட்டு அல்ல. "நீங்கள் தெய்வங்கள், எங்கும் இருந்தீர்கள், எல்லாம் அறிவீர்கள். நாங்கள் கேட்பது வெறும் செவிவழிச் செய்தி. பத்து நாவும் பத்து வாயும் இருந்தாலும் நீங்கள் நினைவூட்டாவிட்டால் என்னால் சொல்லி முடியாது" என்கிறார். எழுத்தைப் பார்த்துப் படிக்காமல் ஆயிரக்கணக்கான வரிகளைச் சபையில் சொல்ல வேண்டிய புலவருக்கு வேண்டியது ஞாபகம். மியூஸ்களின் தாய் பெயர் நெமோசினி, நினைவின் தெய்வம். ஸியூஸ் அவளோடு ஒன்பது இரவு கூடியிருந்தார்; ஒன்பது பெண்கள் பிறந்தார்கள். பிறந்த இடம் ஒலிம்பஸ் மலைக்கு அருகே பியரியா. வாசம் செய்த இடங்களில் ஒன்று ஹெலிக்கான்.

தெஸ்பியே பழைய காலத்தில் பெரிய நகரம். கி.மு. 480-ல் தெர்மோபிலே கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து நின்ற ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடஸின் முந்நூறு பேரைப் பற்றி உலகமே பேசுகிறது. அவர்களோடு கடைசிவரை நின்று மடிந்த எழுநூறு தெஸ்பியர்களை யாரும் பேசுவதில்லை. முந்நூறுக்குக் கிடைத்த பேர் எழுநூறுக்குக் கிடைக்காதது அநியாயம் என்று காரிலேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இந்த ஊரின் தெய்வம் ஈராஸ், காமன். பிராக்ஸிடெலிஸ் செய்த ஈராஸ் சிலை இங்கே இருந்தது. அதை அவரிடமிருந்து வாங்கி ஊருக்குக் கொடுத்தவள் ஃபிரைனி என்னும் பேரழகி, இவ்வூர்ப் பெண். 'என் சிற்பங்களில் எது சிறந்தது' என்று சொல்ல மறுத்தவரிடம், பட்டறை தீப்பிடித்துவிட்டது என்று ஆளை விட்டுச் சொல்லச் சொன்னாளாம். பதறி ஓடிய சிற்பி, "என் ஈராஸும் சாட்டிரும் தப்பினால் போதும்!" என்று கத்த, அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. இன்றைய தெஸ்பியஸ் சின்ன கிராமம். சிலையும் இல்லை, நகரமும் இல்லை. ஒரு காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் அஸ்க்ரி. பழைய அஸ்க்ராவின் பெயரை இப்போது சுமக்கும் கிராமம். ஊரைத் தாண்டினால் சாலை குறுகிப் பிறகு மண் பாதையாகிறது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். கொத்துகள் கறுத்துத் தொங்குகின்றன, அறுவடை நெருங்கிவிட்டது. வலப்பக்கம் கூம்பு வடிவக் குன்று, அதன் உச்சியில் கல் கோபுரம் ஒன்றின் மிச்சம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இந்த வழியாகப் போன பயண எழுத்தாளர் பாசானியாஸ், அஸ்க்ராவில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோபுரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எழுதினார். பதினெட்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து நாங்கள் பார்த்ததும் அதே நிலைமைதான். சரித்திரத்தில் ஒரு பயணக் குறிப்பு இவ்வளவு காலம் காலாவதியாகாமல் இருப்பது அபூர்வம்.

மியூஸ்களின் பள்ளத்தாக்கு என்பது இந்த இடம்தான். காரை நிழலில் விட்டு நடந்தோம். நுழைவுச்சீட்டு இல்லை, காவலர் இல்லை. வறண்ட புல், முட்செடி, இடையிடையே சதுரமாக வெட்டிய கற்கள். தூண் மண்டபங்கள் இருந்த இடம் தரையோடு தரையாக ஒரு கோடு. பலிபீடத்தின் அடித்தளம் ஒரு கல் மேடு. மகள் இடுப்பில் கைவைத்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அம்மா, இங்கே ஒன்றுமே இல்லையே?"

"இருந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்."

அது உண்மைதான். ஒரு காலத்தில் இந்தத் தோப்பு சிலைகளால் நிரம்பி வழிந்தது. பாசானியாஸ் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார், நடுநடுவே முணுமுணுத்துக்கொண்டே. ஹெஸியட் மடியில் யாழோடு உட்கார்ந்திருக்கும் சிலை: அவர் யாழ் வாசித்தவரே இல்லை, கையில் வாகைக்கோல் பிடித்துப் பாடியவர், அவர் வரிகளே அதைச் சொல்கின்றனவே என்கிறார். குழல் கலைஞர் சக்காடஸின் சிலை: கவிஞர் பிண்டார் எழுதியதைச் சிற்பி தப்பாகப் புரிந்துகொண்டு, ஆளைக் குழலைவிடப் பெரிதாகச் செய்யாமல் விட்டுவிட்டார் என்கிறார். யாழுக்காக அப்பல்லோவும் ஹெர்மிஸும் மல்லுக்கட்டும் சிலை, டால்ஃபின்மேல் ஏரியான், கல்லிலும் வெண்கலத்திலும் விலங்குகள் சூழ நிற்கும் ஆர்ஃபியஸ். எகிப்தின் ராணி அர்சினோயி வெண்கலத் தீக்கோழிமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். தீக்கோழிக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. எகிப்தின் தாலமி அரச குடும்பம் இங்கே நடந்த விழாவுக்குப் புரவலர்களாக இருந்தது.

எனக்குப் பிடித்தது மதுத் தெய்வம் டயோனைசஸ் சிலையின் கதை. மைரான் செய்த அந்தச் சிலையை ரோமானியத் தளபதி சுல்லா இங்கே காணிக்கையாக வைத்தார். தன் பணத்தில் செய்யவில்லை. பக்கத்திலுள்ள ஆர்க்கோமெனஸ் ஊரிலிருந்து பறித்துக்கொண்டு வந்தது. "அடுத்தவன் சாம்பிராணியில் சாமி கும்பிடுவது என்று கிரேக்கர்கள் சொல்வது இதைத்தான்" என்கிறார் பாசானியாஸ். கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும் என்று மகளிடம் சொன்னபோதுதான் அன்று அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

கி.பி. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் தன் புதிய தலைநகரை அலங்கரிக்க ஹெலிக்கானின் மியூஸ்களைக் கொண்டுபோனார். கான்ஸ்டான்டிநோப்பிளின் செனட் மாளிகையில் நின்றவை 404-ல் நடந்த கலவரத் தீயில் மாளிகையோடு எரிந்துபோயின. 1888-ல் பால் ஜமோ என்பவர் தலைமையில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் இங்கே தோண்டத் தொடங்கியபோது எஞ்சியிருந்தது அடித்தளங்களும் கல்வெட்டுகளும். அவற்றில் ஒரு கல்லில் ஹெலிக்கான் மலையே ஆளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது: பரட்டைத் தலை, புதர்த் தாடி, மலைமுகட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பிப் பார்க்கும் ராட்சதன். யூத்திக்லீஸ் என்பவர் மியூஸ்களுக்கு வைத்த காணிக்கை. அதுவும் இப்போது ஏதென்ஸில். ஆக, இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வருபவர் மற்ற நகரங்களில் பார்த்ததை மனத்தில் சுமந்து வந்து இங்கே இறக்கி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அரங்கம் இருக்கும் இடம் சற்று மேலே. எபிடாரஸ் அரங்கைப் படத்தில் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். இங்கே மலைச் சரிவுதான் பார்வையாளர் மாடம். கீழே மேடைக் கட்டடத்தின் கல் வரிசை மட்டும் தெரிகிறது. நாங்கள் சரிவில் ஏறி ஒரு முள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிந்தது. திராட்சைப் பச்சை, வைக்கோல் மஞ்சள், அப்பால் சமவெளியின் பழுப்பு. இடத்தைத் தேர்ந்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது.

இங்கே நடந்த விழாவின் பெயர் மூஸெயா. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தெஸ்பியே நகரம் அதைப் பெரிய அளவில் சீரமைத்து, நான்கு வருடத்துக்கு ஒருமுறை, கிரேக்க உலகம் முழுவதிலிருந்தும் கலைஞர்களை வரவழைத்தது. வெற்றி பெற்றவர்களின் பட்டியல் கல்வெட்டுகளில் இருக்கிறது. எக்காளம் ஊதுபவர், கட்டியங்கூறுபவர், காப்பியம் இயற்றுபவர், பிறர் காப்பியத்தைச் சொல்பவர், குழலிசைப்பவர், யாழிசைப்பவர், யாழோடு பாடுபவர் என்று தனித்தனிப் பிரிவு. டயோனைசஸ் கலைஞர்கள் என்ற பெயரில் இவர்களுக்குச் சங்கம் இருந்தது. விழாக்களுக்கு ஊர் ஊராகப் போய்வரும் தொழில்முறைக் கலைஞர்கள். கலைத் தெய்வம் என்றதும் மேகத்திலிருந்து கற்பனை சொட்டுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தச் சரிவில் உட்கார்ந்து பார்த்தால் தெரிவது வேறு: விடியற்காலையிலிருந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும் பாடகர்கள், நரம்பு முறுக்கும் யாழ்க்காரர்கள், கைவிரல் எண்ணும் நடுவர்கள்.

நம் பாடப்புத்தகங்களும் வினாடிவினாக்களும் மியூஸ்களுக்கு இலாகா பிரித்துக் கொடுத்திருக்கின்றன. கிளியோவுக்கு வரலாறு, யூட்டர்பிக்குக் குழல், தாலியாவுக்கு நகைச்சுவை நாடகம், மெல்பொமீனிக்குத் துன்பியல், டெர்ப்சிகோரிக்கு நடனம், எராட்டோவுக்குக் காதல் பாட்டு, பாலிஹிம்னியாவுக்குத் துதிப்பாடல், யூரேனியாவுக்கு வானியல், காலியோப்பிக்குக் காப்பியம். இந்த ஒன்பது பெயரையும் நமக்குத் தந்தவர் ஹெஸியட். இலாகாக்கள் அவருடையவை அல்ல. பின்னால் ரோமானியர் காலத்தில் நிலைபெற்ற ஏற்பாடு. எனக்கு அது அமைச்சரவைப் பட்டியல் மாதிரிதான் படுகிறது. ஹெஸியடிடம் ஒன்பது பேரும் ஒரே குரலில் பாடுகிறார்கள். காலியோப்பிக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அவள் அரசர்களோடு போகிறவள். மியூஸ்கள் விரும்பும் அரசனின் நாவில் அவர்கள் தேன்பனி ஊற்றுகிறார்கள். அவன் பேசினால் பெரிய வழக்கும் நொடியில் தீர்கிறது. இதைப் பாடிய அதே மனிதர் இன்னொரு நூலில், சகோதரன் பெர்சிஸோடு உண்டான சொத்துத் தகராறில், உள்ளூர்ப் பிரபுக்களை லஞ்சம் தின்னிகள் என்று போட்டு வாங்குகிறார். நாவில் தேன் இறங்காத அரசர்களை நேரில் பார்த்தவர்தான் தேனைப் பற்றி அப்படிப் பாட முடியும்.

ஹெலிக்கானின் பழைய வழக்கில் மியூஸ்கள் ஒன்பது பேர்கூட இல்லை, மூவர்தான் என்று பாசானியாஸ் சொல்கிறார். அவர்களின் பெயர்கள் மெலெட்டி, நெமீ, அயோய்டி. அதாவது பயிற்சி, நினைவு, பாட்டு. இந்த வரிசையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை ஒன்பது பேர் பட்டியலைப் படித்தபோது ஏற்படவில்லை. செந்தமிழும் நாப்பழக்கம் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே புரியும். பயிற்சியை ஒரு தெய்வமாக உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் பாட்டு என்று சொன்னவர்கள் கலையை உள்ளிருந்து அறிந்தவர்கள். மகளும் இதை ஒப்புக்கொண்டாள். தட்டடவு ஆறு மாதம் போட்ட காலை நினைத்துக்கொண்டிருப்பாள்.

சரி, ஹெஸியடுக்கு என்ன நடந்தது? ஹெலிக்கானின் அடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வந்தார்கள். எடுத்த எடுப்பில் வசவு: "காட்டில் கிடக்கும் இடையர்களே, வெட்கங்கெட்டவர்களே, வெறும் வயிறுகளே!" அடுத்து வந்தது அதைவிடக் கூர்மை: "உண்மை போலத் தோன்றும் பொய்கள் பல சொல்ல எங்களுக்குத் தெரியும். மனம் வைத்தால் உண்மை சொல்லவும் தெரியும்." இதைச் சொல்லிவிட்டு வாகைக் கிளை ஒன்றை ஒடித்துக் கையில் கொடுத்து, தெய்வக் குரலை அவருக்குள் ஊதினார்கள். எந்த மதத்திலும் எந்தத் தெய்வமும் வரம் கொடுக்கும்போது "நான் பொய்யும் சொல்வேன்" என்று முன்கூட்டியே அறிவித்ததாக எனக்கு நினைவில்லை. கதை சொல்லும் தொழிலுக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் வேறு ஏது? பிறகு ஹெஸியட் யூபியா தீவின் கால்சிஸில் நடந்த பாட்டுப் போட்டியில் ஜெயித்து, பரிசாகக் கிடைத்த கைப்பிடி வைத்த முக்காலிக் கொப்பரையைத் தனக்குப் பாட்டு வந்த இதே இடத்தில் காணிக்கை வைத்தார். அதற்காக அவர் செய்த கடல் பயணம்தான் வாழ்நாளில் அவர் செய்த ஒரே கடல் பயணமாம். வரைபடத்தில் பாருங்கள், அந்த நீரிணை ஒரு வாய்க்கால் அகலம்தான்.

சரிவில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் சிள்வண்டுகள் காதைத் துளைத்தன. அவற்றுக்கும் மியூஸ்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிளேட்டோ சாக்ரடீஸின் வாயால் சொல்லும் கதை. மியூஸ்கள் பிறப்பதற்கு முன் சிள்வண்டுகள் மனிதர்களாக இருந்தன. உலகத்தில் பாட்டு முதன்முதலாக வந்தபோது அவர்கள் சோறு தண்ணீர் மறந்து பாடிக்கொண்டே இருந்து, செத்ததுகூடத் தெரியாமல் செத்துப்போனார்கள். அவர்களிலிருந்து இந்தப் பூச்சி இனம் உண்டாயிற்று. பசி தாகம் இல்லாமல் சாகும்வரை பாடிவிட்டு, மியூஸ்களிடம் போய் பூமியில் யார் யார் எந்த மியூஸை மதிக்கிறார்கள் என்று இவை கோள் சொல்லும். அதனால் மத்தியான வெயிலில் இவற்றின் பாட்டுக்கு மயங்கித் தூங்கிவிடக் கூடாது என்கிறார் சாக்ரடீஸ். மகள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துவிட்டாள். எங்கள் குடும்பத்தைப் பற்றி மேலே என்ன தகவல் போயிற்றோ!

கீழே வயலோரத்தில் நீளவால் குலுக்கி இரண்டு மேக்பைப் பறவைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கறுப்பு வெள்ளை உடம்பு, ஓயாத வாய். அவையும் மியூஸ்கள் கதையில் வருபவைதான். மாசிடோனியாவின் பியரஸ் என்பவருக்கு ஒன்பது பெண்கள். நாங்களும் ஒன்பது பேர், உங்களோடு பாடிப் பார்க்கிறோம் என்று சவால் விட்டார்கள். தோற்றார்கள். தோற்றும் வாயடங்கவில்லை என்பதால் மேக்பைகளாக மாற்றப்பட்டார்கள் என்கிறார் ரோமானியக் கவிஞர் ஆவிட். திரேஸ் நாட்டுத் தாமிரிஸ், மியூஸ்களே வந்தாலும் வெல்வேன் என்று சொன்னதற்கு ஊனமும் அடைந்து, பாட்டையும் இழந்து, யாழ் வாசிக்கவும் மறந்தான். பார்வை போனவனாக, உடைந்த யாழைத் தொட்டபடி இருக்கும் அவன் சிலையை இந்தத் தோப்பிலேயே, வருகிற போட்டியாளர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள். பாடி மயக்கும் பறவைப் பெண்களான சைரன்களையும் விடவில்லை. பாட்டில் தோற்ற அவர்களின் இறகுகளைப் பிடுங்கி மியூஸ்கள் தலையில் கிரீடமாகச் சூடிக்கொண்டார்கள். பாசானியாஸ் அந்தக் கதையைச் சொல்வது கொரோனியா ஊரைப் பற்றிப் பேசும்போது; அந்த ஊர் இதே மலையின் வடபக்கம். ஐரோப்பிய ஓவியர்கள் பிற்காலத்தில் வரைந்த மெல்லிய உடை, மென்மையான புன்னகை மியூஸ்களை நான் இந்தப் பள்ளத்தாக்குக்குப் பிறகு நம்புவதில்லை.

ஆனாலும் ஹெஸியட் ஒரு வரி சொல்கிறார், அதற்காக அவர்களை மன்னித்துவிடலாம். நினைவின் தெய்வம் இவர்களைப் பெற்றதே மனிதர்கள் துன்பத்தை மறக்கத்தான் என்கிறார். புதிதாக வந்த துக்கத்தில் நெஞ்சு காய்ந்து கிடப்பவன்கூட, மியூஸ்களின் அடியான் ஒருவன் பழைய வீரர்களையும் தேவர்களையும் பாடக் கேட்டால், சட்டென்று கவலையை மறந்துவிடுகிறான். கச்சேரிக்குப் போய்வந்த யாருக்கும் இதில் சந்தேகம் வராது.

பெகாசஸ் என்னும் சிறகுக் குதிரை குளம்பால் உதைத்து உண்டாக்கிய ஹிப்போக்ரீனி ஊற்று மலையுச்சிக்கு அருகே இருக்கிறது. ஹெலிக்கானின் உயரம் 1,700 மீட்டருக்கு மேல். அந்த நீரைக் குடித்தால் கவிதை வரும் என்பது பின்னாளைய புலவர்கள் கட்டிவிட்டது; ஹெஸியடிடம் மியூஸ்கள் அதில் குளிக்கத்தான் செய்கிறார்கள். இந்த வெயிலில் ஏறினால் கவிதை வருவதற்குமுன் மயக்கம் வரும் என்று தீர்மானித்து, புட்டித் தண்ணீரோடு இறங்கினோம்.

சாயங்காலம் கிராமத்து உணவகத்தில் உட்கார்ந்தோம். இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய முக்தாரோ என்னும் கறுப்புத் திராட்சையில் செய்த மது கிடைக்கும் என்றார் கடைக்கார அம்மாள். மகள் ஒரு கோப்பை வாங்கினாள். நான் மருந்து குடிப்பதுபோல் அதிலிருந்து ஒரு வாய் எடுத்தேன். துவர்ப்பு தூக்கலாக, நாவல்பழம் தின்ற நாக்குபோல் ஆகிவிட்டது. ஹெஸியடின் செய்முறையை அந்த அம்மாளிடம் சொன்னேன், மகள் ஆங்கிலத்தில், அவர் பேரன் கிரேக்கத்தில். ஓரியனும் சிரியஸும் நடுவானுக்கு வந்து, விடியலில் ஆர்க்டூரஸ் தெரியும்போது கொத்துகளை அறு. பத்துப் பகல் பத்து இரவு வெயிலில் காட்டு. ஐந்து நாள் நிழலில் போடு. ஆறாம் நாள் சாடியில் இறக்கு. அம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பேரன் மொழிபெயர்த்தான்: "வெயிலில் காயவைத்தால் அது தித்திப்பு மது. இது அது இல்லை. ஆனால் அவர் சொன்ன மாதம் சரி."

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம், ஆனால் சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல் பள்ளத்தாக்குக்குள் போவது கஷ்டம். தீப்ஸில் நிறுத்தி அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். தெஸ்பியே வீரர்களின் கூட்டுக் கல்லறையில் நின்ற கல் சிங்கம் அங்கே இருக்கிறது. இன்னொரு நாள் கையில் இருந்தால் மலையின் மேற்குப் பக்கம் போய் ஓசியோஸ் லூக்காஸ் மடாலயத்தின் பொன் மொசைக்குகளைப் பாருங்கள். 1990 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். பள்ளத்தாக்கில் கடையோ நிழற்குடையோ கிடையாது. தண்ணீரும் கணுக்கால் மூடும் செருப்பும் முக்கியம், முள் பொல்லாதது. பாசானியாஸின் ஒன்பதாம் நூலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் வேறு வழிகாட்டி வேண்டாம். ஒன்பது பேரையும் ஆளுக்கொரு கருவியோடு வரிசையாகப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் ரோமுக்கு டிக்கெட் எடுங்கள். 1774-ல் திவோலி அருகே கிடைத்த மியூஸ் சிலைகளுக்கென்றே வத்திக்கான் அருங்காட்சியகத்தில் தனிக் கூடம் இருக்கிறது. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும்.